மசாலா படத்தை இவ்ளோ ஆராயணுமா? ஒரு எடிட்டரோட பதில்

நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், அப்பதான் நான் எதுக்கு பதில் சொல்றேன்னு மத்தவங்களுக்கும் தெரியும். காலேஜ் மூணாவது வருஷம் படிக்கிறீங்க, ஒரு பெரிய ஹீரோ படத்தை 20 தடவைக்கு மேல பாத்துட்டு அதோட கலர், பாட்டு வர்ற இடம், இன்டர்வல் சீன் எல்லாத்தையும் பத்தி 40 பக்கம் எழுதி வச்சிருக்கீங்க, அதைப் புரட்டிப் பாத்த உங்க மாமா "எடுத்தவனே இவ்ளோ யோசிச்சிருக்க மாட்டான், பொழுதுபோக்குப் படத்துல என்னடா ஆராய்ச்சி"ன்னு சொல்லிட்டாரு, அதுலேர்ந்து எழுதவே கை வரலன்னு சொல்றீங்க. இதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. பொழுதுபோக்குக்குன்னு எடுத்த ஒண்ணுக்கு இவ்ளோ ஆராய்ச்சி தகுமாங்கிறது ஒண்ணு. எடுத்தவங்க மனசுல இல்லாத அர்த்தத்தை நாம சொன்னா அது பொய்யாயிடுமாங்கிறது இன்னொண்ணு. உங்க மாமா ரெண்டையும் சேத்து கேட்டுட்டாரு, நீங்களும் ரெண்டுக்கும் சேத்து பயந்துட்டீங்க. எனக்குத் தெரிஞ்சு முதல் கேள்வி சுலபம், ரெண்டாவதுலதான் விஷயமே இருக்கு, அதனால அதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் எடிட்டிங்ல 28 வருஷமா இருக்கேன். முதல் ஆறு வருஷம் அசிஸ்டென்ட், ஸ்டீன்பெக்னு ஃபிலிமை ஓட்டிப் பாத்து வெட்டுற டேபிள் முன்னாடி உக்காந்து கிளாப் அடிக்கிற ஃப்ரேமைத் தேடி சவுண்டைப் பொருத்துறது, துண்டு ஃபிலிமுக்கெல்லாம் நம்பர் போட்டு தொங்கவிடுறது, எடிட்டர் கேக்கும்போது அரை நிமிஷத்துல எடுத்துக் குடுக்கிறது, இதுதான் வேலை. அப்புறம் கம்ப்யூட்டருக்கு மாறி தனியா படம் பண்ண ஆரம்பிச்சேன், பண்ணினதுல முக்கால்வாசி நீங்க சொல்ற மாதிரி கமர்ஷியல் படங்கதான். இசையும் சமூகவியலும் நான் முறையா படிச்சவன் இல்ல, ஆர்வத்துல படிச்சது மட்டும்தான், அதனால அந்த இடம் வர்றப்போ நான் சொல்றதைக் கொஞ்சம் கம்மியா நம்புங்க. ஒரு ஷாட் எப்படி அந்த இடத்துக்கு வந்து உக்காருதுங்கிறதுல மட்டும் தைரியமா பேசுவேன்.

ஒரு உதாரணம். ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு குடும்பப் படம் பண்ணினேன், பேர் வேண்டாம். அப்பா வீட்டை விட்டுப் போறாரு, பையன் திண்ணையில நிக்கிறான், வசனமே கிடையாது, பையனோட க்ளோசப்ல சீன் முடியணும். எடுத்த ஃபிலிம் (ரஷ்) வந்து பாத்தா க்ளோசப் ஃபோகஸ் அவுட். நடிகரோட கால்ஷீட் முடிஞ்சுபோச்சு, திரும்ப எடுக்க வழியில்ல. கையில இருந்தது ரெண்டே ரெண்டு துண்டு, மிச்ச ஃபிலிம்ல அசிஸ்டென்ட் டைரக்டர் சும்மா எடுத்து வச்சது. ஒண்ணு சுத்துற சீலிங் ஃபேன், இன்னொண்ணு கொல்லைல கொடியில காயுற ஒரு வெள்ளைச் சட்டை. முதல்ல ஃபேனைப் போட்டுப் பாத்தேன், என்னமோ நேரம் போகுதுன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு, சீன் கீழ விழுந்துடுச்சு. சட்டையைப் போட்டேன், காத்துல ஒரு கை மட்டும் லேசா தூக்கி இறங்குது, மூணு செகண்ட்தான், சீன் அப்படியே உக்காந்துடுச்சு. டைரக்டர் பாத்தாரு, கொஞ்ச நேரம் பேசல, "இருக்கட்டும்"னு மட்டும் சொன்னாரு.

பல வருஷம் கழிச்சு ஒரு ரசிகர் அந்தப் படத்தைப் பத்தி எழுதினதைப் படிச்சேன். அந்தச் சட்டைக்கு மட்டும் மூணு பாரா எழுதியிருந்தாரு, அது அப்பாவோட சட்டைன்னும், ஆள் போயிட்டான் அவன் உருவம் மட்டும் வீட்டுல தொங்குதுன்னும், டைரக்டர் இதை முதல்லயே திட்டம் போட்டு வச்சிருக்காருன்னும். எனக்கு முதல்ல வந்தது கோவம்தான், அந்தச் சட்டை நாங்க ஷூட்டிங்குக்கு எடுத்த வீட்டுக்காரரோடது, எவனும் ஒரு திட்டமும் போடல. ஆனா அன்னைக்கு ராத்திரி அந்த சீனை எடுத்துப் பாத்தேன். முன்னாடி ரெண்டு சீன்லயும் அப்பா வெள்ளைச் சட்டைதான் போட்டிருக்காரு. பாக்குறவனுக்கு அது அப்பா சட்டைதான், வேற எதுவா இருக்க முடியும்? ஃபேன் ஏன் ஒத்துவரல, சட்டை ஏன் ஒத்துவந்துச்சுன்னு அன்னைக்கு என் கைக்குத் தெரிஞ்சுது, வாய்க்குத் தெரியல. அந்த ரசிகர்தான் அதை வார்த்தையில சொல்லியிருக்காரு. அவர் எழுதினதுல டைரக்டர் திட்டம் போட்டாருங்கிறது மட்டும் தப்பு, அந்த ஷாட் அந்த சீனுக்கு என்ன பண்ணுதுன்னு சொன்னது அத்தனையும் சரி.

உங்க மாமாவுக்கு நான் சொல்ற பதிலும் இதுதான். எடுத்தவங்க யோசிச்சிருக்க மாட்டாங்கன்னு அவர் சொல்றது பாதி நேரம் உண்மை. விபத்து, பட்ஜெட், மழை, கால்ஷீட், இதெல்லாம் சேந்துதான் படம். ஆனா விபத்துல கிடைச்ச நாலு துண்டுல எதை வைக்கிறது, எவ்ளோ நேரம் வைக்கிறது, எதைத் தூக்கிப் போடுறதுங்கிறது விபத்து இல்ல, அங்க ஒரு மனுஷன் உக்காந்து இது வேண்டாம் இது வேணும்னு நூறு தடவை சொல்லியிருக்கான். அதுவும் ஒரே ஆள் இல்ல. 1960ல வந்த ஹிட்ச்காக்கோட சைக்கோ படத்தை எடுத்துக்குங்க, டிவி சீரியலுக்கு வச்சிருந்த யூனிட்டை வச்சு கம்மி பட்ஜெட்ல கருப்பு வெள்ளைல எடுத்த திகில் படம். அந்தக் குளியலறை சீனுக்கு மியூசிக்கே வேண்டாம்னுதான் ஹிட்ச்காக் சொல்லியிருந்தாரு. மியூசிக் பண்ணின பெர்னார்ட் ஹெர்மன் அதை மீறி வெறும் ஸ்ட்ரிங்ஸை மட்டும் வச்சு அந்தக் கிறீச்சுன்னு கிழிக்கிற இசையைப் போட்டு, அப்புறம் போட்டுக் காமிச்சாரு, ஹிட்ச்காக் கேட்டுட்டு தன் முடிவை மாத்திக்கிட்டாரு. இன்னைக்கு அந்த இசை இல்லாம அந்த சீனை யாராலயும் நினைச்சுக்கூடப் பாக்க முடியாது. இப்ப சொல்லுங்க, "டைரக்டர் நினைச்சாரா"ங்கிற கேள்விய வச்சு இந்த சீனை அளந்தா என்ன மிஞ்சும்? அவர் நினைச்சது மியூசிக் வேண்டாம்னு. படத்துல இருக்கிறது வேற. நாம ஆராய வேண்டியது படத்துல இருக்கிறதை.

அதுக்காக என்ன வேணா சொல்லிடலாமான்னா, முடியாது. நான் வேலை பார்த்த இன்னொரு படத்துல ஒரு சண்டைக்கு முன்னாடி வசனம் பாதில அறுந்து அடுத்த சீன் டக்குனு வந்துடும். அது சென்சார்ல போன 11 செகண்ட், ரிலீஸ் தேதி நெருங்கிட்டதால அதை ஒட்டுப்போட்டுச் சரிபண்ணக்கூட நேரம் இல்ல. அந்த வெட்டை ஒருத்தர் புதுவிதமான கதைசொல்லல்னு நீளமா விளக்கியிருந்தாரு. சட்டை விஷயத்துலயும் விபத்துதான், இங்கயும் விபத்துதான், வித்தியாசம் என்னன்னா அங்க நாங்க பாத்துப் பாத்துத் தேர்ந்தெடுத்தோம், சீனும் மேல வந்துச்சு, இங்க யாரும் தேர்ந்தெடுக்கல, பாக்குறவனுக்கும் அந்த இடத்துல கதை குழம்பத்தான் செய்யுது. அவர் தனக்குக் குழம்பினதை நேர்மையா எழுதியிருந்தா அது சரியான குறிப்பா இருந்திருக்கும், குழப்பத்தையே மேதாவித்தனமா ஆக்கினதுதான் பிரச்சனை. வேறொருத்தர் டிவில ரெண்டு பாட்டும் ஒரு காமெடி டிராக்கும் வெட்டின பிரிண்டைப் பாத்துட்டு "இந்தப் படத்தோட வேகம்"னு கட்டுரை எழுதினாரு. நீங்க 20 தடவை பாத்தது எந்தப் பிரிண்ட்? தியேட்டர்ல வந்ததா, ஓடிடில இருக்கிறதா, யூடியூப்ல யாரோ ஏத்தினதா? இதை முதல் பக்கத்துலயே எழுதுங்க. உ.வே.சா 1887ல சீவக சிந்தாமணியைப் பதிப்பிச்சப்போ ஏட்டுக்கு ஏடு பாடபேதம் பாத்து ஒப்பிட்டு, இதுதான் பாடம்னு முடிவு பண்றதுக்கே அவ்ளோ உழைச்சாரு. பாடம் உறுதியாகாம அதுக்கு உரை எழுதி என்ன பிரயோஜனம், சினிமாவுக்கும் அதேதான்.

உரைன்னு சொன்னதும் நச்சினார்க்கினியர் ஞாபகம் வர்றாரு. நம்ம மொழில ஒரு வரியை வச்சுக்கிட்டு பத்துப் பக்கம் யோசிக்கிற பழக்கம் இன்னைக்கு வந்தது இல்ல, உரையாசிரியர்கள் அதைத்தான் காலங்காலமா பண்ணாங்க, அதுல நச்சினார்க்கினியர் மாதிரி படிச்சவர் அபூர்வம். அவரே பத்துப்பாட்டுக்கு உரை சொல்றப்போ ஒரு இடத்துல இருக்கிற சொல்லை எடுத்து எங்கயோ தள்ளி இருக்கிற சொல்லோட மாட்டி பொருள் எடுத்திருக்காரு, பாட்டோட இயல்பான ஓட்டத்தை இது கெடுக்குதுன்னு மறைமலையடிகள் முல்லைப்பாட்டு ஆராய்ச்சில வெளிப்படையாவே எழுதினாரு. ரெண்டு பேருமே பாட்டு மேல உயிரா இருந்தவங்க. அதனால பொருள் மேல இருக்கிற அன்பு மட்டும் ஒருத்தரைத் தப்புல இருந்து காப்பாத்தாது, இன்னொருத்தர் வந்து "இது வரியில இல்லயே"ன்னு சொல்ற மாதிரி திறந்து வச்சிருக்கணும். முதல் சீன்ல வர்ற ஒரு நம்பர் பிளேட்டையும் கிளைமாக்ஸ்ல வர்ற கடிகாரத்தையும் முடிச்சுப் போடுற வீடியோக்களைப் பாக்குறப்போல்லாம் எனக்கு அந்தச் சொல்லைத் தூக்கி மாட்டினதுதான் ஞாபகம் வரும். நடுவுல ரெண்டு மணி நேரப் படம் இருக்கு, அதை விட்டுட்டு இந்த ரெண்டு பொருளை மட்டும் பிடிச்சுக்கிட்டா அது தேடிக் கண்டுபிடிக்கிற விளையாட்டு, தப்பில்ல, ஆனா அதை ஆராய்ச்சின்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

இப்ப முதல் கேள்வி, பொழுதுபோக்குக்கு இது தகுமா. சிந்தாமணின்னு இப்பதான் சொன்னேன், அதுக்கே ஒரு கதை இருக்கு. சோழ ராஜா அதை ரசிச்சுக் கேட்டுக்கிட்டே இருந்ததைப் பாத்துட்டு அமைச்சரா இருந்த சேக்கிழார், இந்தப் பொய்க்கதை எதுக்கு, சிவனடியார் கதையைக் கேளுங்கன்னு சொல்ல, அதுலேர்ந்துதான் பெரியபுராணம் பிறந்துச்சுன்னு சேக்கிழார் புராணம் சொல்லுது. இது உண்மையிலயே நடந்துச்சான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது, சமயச் சண்டை கலந்த கதை அது. ஆனா "ரசிக்கிறதுக்குன்னு இருக்கிறதுல போய் நேரத்தை வீணாக்காதே"ங்கிற குரல் எவ்ளோ பழசுன்னு அது காட்டுது. பொழுதைப் போக்கடிக்கிறதுன்னு ஒருத்தர் ஒதுக்கச் சொன்ன அதே நூலை இன்னைக்கு ஐம்பெருங்காப்பியத்துல ஒண்ணுன்னு பாடப் புத்தகத்துல வச்சிருக்கோம். சினிமாலயும் இப்படித்தான், ஹிட்ச்காக்கோட வெர்டிகோ 1958ல வந்தப்போ விமர்சகர்கள் பாதி மனசாதான் எழுதினாங்க, சைட் அண்ட் சவுண்ட்ங்கிற சினிமா பத்திரிகை சிறந்த படம் எதுன்னு பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிற ஓட்டுல 2012ல அது முதல் இடத்துக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி 50 வருஷம் அந்த இடத்துல இருந்தது சிட்டிசன் கேன். நடுவுல படம் மாறல, பாக்குறவங்க திரும்பத் திரும்பப் பாத்து எழுதினாங்க.

நீங்க ஆராயுற படம் அப்படி ஆகும்னு நான் சொல்ல வரல, முக்கால்வாசிப் படம் ஆகாது. ஆனா நல்ல படமா இருந்தாத்தான் ஆராயணும்னும் எனக்குத் தோணல. கோடிப்பேர் கைதட்டின ஒண்ணை, எதுக்குக் கைதட்டினாங்கன்னு பாக்குறதுக்கு அது காவியமா இருக்கணும்னு அவசியம் இல்ல. எம்.எஸ்.எஸ். பாண்டியன்ங்கிற சமூக ஆய்வாளர் 1992ல எம்.ஜி.ஆர் பத்தி தி இமேஜ் ட்ராப்னு ஒரு புத்தகம் எழுதினாரு. எம்.ஜி.ஆர் ஆட்சில ஏழைகளுக்கு நிஜமா கிடைச்சது கம்மி, சாராய வரி மாதிரி ஏழைங்க தலையில விழுற வருமானத்தைத்தான் அரசாங்கம் பெருசா நம்பி இருந்துச்சு, அப்படியும் ஏழைகள் ஏன் அவரை அவ்ளோ கொண்டாடினாங்கன்னு பாண்டியன் கேட்டாரு. பதில் தேடி அவர் போன இடம் படங்க, பாட்டுங்க, மலிவு விலைல வித்த வாழ்க்கை வரலாறுங்க. படகோட்டியாவும் விவசாயியாவும் ரிக்‌ஷாக்காரனாவும் வந்த அந்த ஹீரோவை சீன் சீனா பாக்காம அந்தக் கேள்விக்குப் பதிலே கிடைச்சிருக்காது. அவரோட முடிவை எல்லாரும் ஒத்துக்கல, சாதாரண ரசிகனை ரொம்ப ஏமாளியா காமிச்சுட்டாருன்னு எனக்கேகூட ஒரு குறை உண்டு. ஆனா "வெறும் மசாலா"ன்னு அவர் தள்ளி வச்சிருந்தா தமிழ்நாட்டு அரசியல்ல பாதி புரியாமலே போயிருக்கும்.

ரசிகர்கள் பண்றதுக்கும் பேராசிரியர்கள் பண்றதுக்கும் வித்தியாசம் இருக்கு, அதுல ரசிகர் பக்கம் நிக்கிற பலம் நினைவும் பொறுமையும். தமிழின் முதல் பேசும்படம் காளிதாஸ், 1931 அக்டோபர் 31ல வந்துச்சு, அதோட பிரிண்ட் இன்னைக்கு இல்ல, விளம்பரம், பாட்டுப் புத்தகம், பழைய விமர்சனம் இதுங்களை வச்சுத்தான் அதைத் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு. பிலிம் நியூஸ் ஆனந்தன் மாதிரி ஒருத்தர் படம் படமா தகவலையும் ஸ்டில்லையும் சேத்து வைக்காம இருந்திருந்தா நம்ம சினிமா வரலாறுல எவ்ளோ ஓட்டை இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அவரோட ஆரம்பமும் சினிமா மேல இருந்த ஆசைதான். இளையராஜா பாட்டுங்களுக்கு ராகம், எந்த இடத்துல எந்த வாத்தியம் நுழையுதுன்னு உக்காந்து குறிச்சு வச்சதுல பெரும்பங்கு ரசிகர்களோடதுதான். அதுல ஒரு நல்ல பாடம் இருக்கு உங்களுக்கு. 1985ல வந்த சிந்து பைரவில "கலைவாணியே" பாட்டு கல்யாணி ராகத்தோட ஆரோகணத்துலயே, அதாவது ஏறுவரிசையிலயே போகுது, ஸ்வரம் ஏறுமே தவிர ராகத்தோட இறங்குவரிசைக்கு வராது. இது அபிப்பிராயம் இல்ல, ஸ்வரம் தெரிஞ்ச யார் வேணா கீபோர்டுல தட்டிப் பாக்கலாம். அதே படத்துல "பாடறியேன்" நாட்டுப்புற மெட்டுல ஆரம்பிச்சு, காம்போஜி ராகத்துல இருக்கிற தியாகராஜர் கீர்த்தனை "மரி மரி நின்னே"ல போய் முடியுது, ஆனா அந்தக் கீர்த்தனையை ராஜா சாரமதி ராகத்துக்கு மாத்திட்டாரு, ஏன்னா பாட்டோட ஆரம்பமும் சாரமதிதான். இதுவும் சரி பாக்கக்கூடியது. இந்த இடத்துல நின்னுக்கிட்டு, தெருப்பாட்டும் கச்சேரியும் ஒரே மண்ணுதான்னு கதை சொல்றதை ராகமும் சொல்லுதுன்னு நான் சொன்னா அது என் வாசிப்பு, நீங்க ஒத்துக்கலாம், ஒத்துக்காமலும் போகலாம், ஆனா கால் வைக்கத் தரை இருக்கு. அதுக்கும் மேல போய் ராஜா இதைப் பண்றப்போ மனசுல இன்னது நினைச்சாருன்னு எழுதினா அது காத்து.

ரசிகரோட பலவீனத்தையும் சொல்லியாகணும், ஏன்னா 40 பக்கத்துல ஒரு குறைகூட நீங்க எழுதலன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. இது எனக்குக் கவலையா இருக்கு. நான் வெட்டின படங்கள்லயே ஹீரோயினை ஹீரோ தெருத்தெருவா துரத்துற சீனை நான் காமெடி பீட்ல வெட்டியிருக்கேன், அவ மிரண்டு பாக்குற ஷாட்டை எட்டு ஃப்ரேம்ல முடிச்சுட்டு ஹீரோ சிரிப்புக்குப் போயிருக்கேன். எட்டு ஃப்ரேம்னா செகண்ட்ல மூணுல ஒரு பங்கு. அந்த பயத்தை இன்னும் ஒரு செகண்ட் விட்டிருந்தா தியேட்டர்ல சிரிப்பு வந்திருக்காது, அதுக்காகத்தான் விடல. அந்த வேலைக்காக இன்னைக்கும் வருத்தப்படுறேன். இதை ஒரு விமர்சகர் கண்டுபிடிக்கணும்னா கஷ்டம், அவர் படத்தை ஒரு தடவைதான் பாப்பாரு. 20 தடவை பாத்த நீங்க கண்டுபிடிக்கலாம், அந்த எட்டு ஃப்ரேமை நிறுத்திப் பாக்குற பொறுமை உங்களுக்குத்தான் இருக்கு. பிடிச்ச படத்துல அது இருக்குன்னு சொல்றதால படம் பிடிக்காம போயிடாது, எனக்கு இன்னும் அந்தப் படங்க பிடிக்கும். ரசிச்சுக்கிட்டே கேள்வி கேக்க முடியாதுன்னு யாரோ நம்ம தலைல ஏத்தி வச்சிருக்காங்க, ஃபேன் சண்டையும் கலெக்‌ஷன் சண்டையும் அதை இன்னும் மோசமாக்கிடுச்சு.

எனக்கு நிஜமாவே சந்தேகமா இருக்கிற ஒரு விஷயம் உண்டு, அதையும் மறைக்கல. ரொம்ப ஆராய்ஞ்சா ரசனை செத்துப்போகும்னு சொல்றாங்களே, அது என் விஷயத்துல பாதி உண்மை. புதுப்படம் பாக்குறப்போ முதல் பத்து நிமிஷம் எத்தனை தடவை ஷாட்டை வெட்டியிருக்காங்கன்னுதான் எண்ணுவேன், கதைக்குள்ள போறதுக்கு நேரமாகும். ஆனா உள்ள போயிட்டேன்னா முன்னாடியவிட ஆழமா போறேன், ஏன்னா எங்க என்னைப் பிடிச்சு இழுத்தாங்கன்னு எனக்குத் தெரியுது. இது எல்லாருக்கும் இப்படியா, இல்ல தொழில் பண்றவனுக்கு மட்டுமான்னு என்னால சொல்ல முடியல. உங்களுக்கு 20வது தடவையும் அந்த இன்டர்வல்ல உடம்பு சிலிர்க்குதுன்னு எழுதியிருக்கீங்க, அப்போ உங்களைப் பொறுத்தவரை இந்த பயம் வேண்டாம்.

40 பக்கத்தை என்ன பண்றதுன்னா, முதல்ல இன்டர்வல் சீன் பத்தின பக்கங்களை மட்டும் தனியா எடுங்க. அந்த சீனை சவுண்ட் இல்லாம ஒரு தடவை ஓட்டி, என்ன ஷாட், எவ்ளோ நேரம், யாரு யாரைப் பாக்குறாங்கன்னு மட்டும் எழுதுங்க. அப்புறம் திரையைப் பாக்காம சவுண்டை மட்டும் கேளுங்க, மியூசிக் எந்த வார்த்தைக்கு அப்புறம் ஆரம்பிக்குது, எங்க நிக்குதுன்னு குறிங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுக்கிட்டு நீங்க ஏற்கனவே எழுதினதைப் படிங்க, "டைரக்டர் இதை வச்சதுக்குக் காரணம்"னு ஆரம்பிக்கிற வரிகளை அடிச்சுட்டு "இதைப் பாக்குறப்போ என்ன நடக்குதுன்னா"ன்னு மாத்தி எழுத முடியுதான்னு பாருங்க, முடியாத வரி தானா விழுந்துடும். அப்புறம் உங்க மாமாவைப் பக்கத்துல உக்கார வச்சு அந்த சீனை ஓட்டுங்க, நீங்க சொல்ற இடத்துல பாஸ் பண்ணிக் காமிங்க. அவர் கண்ணுக்கும் அது தெரிஞ்சா அந்தப் பக்கத்தை அப்படியே விடுங்க, தெரியலன்னா அந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப எழுதுங்க.